பழைய நோட்டுகளையும் எடுத்து வாருங்கள்

ஏடிஹெச்டி (கவனக்குறைவு, அதீதத் துறுதுறுப்புக் கோளாறு) இருக்குமோ என்ற சந்தேகத்தோடு அப்பாயின்ட்மென்ட் கேட்கும் பெற்றோரிடம் போனிலேயே ஒன்று சொல்லிவிடுவேன். பிள்ளையின் பழைய நோட்டுகள், ஹோம்வொர்க் டைரி, முந்தைய வகுப்புகளின் ரேங்க் கார்டு என்று வீட்டில் கிடைப்பதையெல்லாம் எடுத்து வாருங்கள். பலர் அதற்குப் பதில் மூளை ஸ்கேனோடு வருகிறார்கள். அந்தப் பணத்தை மிச்சம் பிடித்திருக்கலாம். ஸ்கேனிலோ ரத்தப் பரிசோதனையிலோ ஏடிஹெச்டி தெரியாது. பிள்ளை எங்கே, எப்படி, எவ்வளவு காலமாக நடந்துகொள்கிறது என்று விசாரித்துத்தான் முடிவுக்கு வருகிறோம்.

அந்த விசாரணைக்கு நோட்டு நல்ல சாட்சி. முதல் இரண்டு பக்கம் எழுத்து முத்து முத்தாக இருக்கும். போகப்போகக் கோட்டை விட்டு இறங்கி, பாதி வாக்கியத்தில் நின்றுவிடும். கூட்டல் குறியைப் பார்க்காமல் கழித்திருப்பான். வழிமுறை முழுக்கச் சரியாகப் போட்டுவிட்டு விடையை எழுத மறந்திருப்பான். பரீட்சைத் தாளில் பின்பக்கக் கேள்விகளைத் திருப்பியே பார்த்திருக்க மாட்டான். டைரியில் சிவப்பு மையில் ‘இன்கம்ப்ளீட்’, ‘கேர்லெஸ்’ என்று இருக்கும். இதெல்லாம் ஒரே ஒரு வருடத்தில் மட்டும் என்றால் வீட்டில் சண்டை, புதுப் பள்ளி என்று வேறு காரணம் தேடுவேன். ஒன்றாம் வகுப்பு மிஸ் எழுதியதையே ஐந்தாம் வகுப்பு சாரும் எழுதியிருந்தால்தான் என் சந்தேகம் வலுக்கும்.

நாங்கள் பின்பற்றும், அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கத்தின் டிஎஸ்எம்-5 கையேட்டின் வரையறையும் இதைத்தான் கேட்கிறது. கவனக்குறைவுக்கு ஒன்பது அறிகுறிகள், அதீதத் துறுதுறுப்பு, அவசரப்படுதல் இரண்டுக்கும் சேர்த்து ஒன்பது. குழந்தைகளுக்கு ஏதாவது ஒரு பட்டியலில் குறைந்தது ஆறு அறிகுறிகள், ஆறு மாதத்துக்குக் குறையாமல் இருந்திருக்க வேண்டும். வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடங்களில் தெரிய வேண்டும். 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். இதற்கெல்லாம் மேல், அன்றாட வாழ்க்கை அதனால் அடிபட வேண்டும். வீட்டில் மட்டும் ஆட்டம் போட்டு, பள்ளியில் சமர்த்தாக இருக்கும் பையனுக்கு நான் அவசரப்பட்டு இந்தப் பெயரை வைக்க மாட்டேன்.

“மூணு மணி நேரம் அசையாம கேம் ஆடுறானே டாக்டர், அவனுக்கா கவனம் இல்ல?” இதைக் கேட்காத பெற்றோர் குறைவு. கேமில் நொடிக்கு நொடி ஏதோ கிடைத்துக்கொண்டே இருக்கிறது, அதனால் கவனம் தானாக ஒட்டிக்கொள்கிறது. வாய்ப்பாடு எழுதும்போது அப்படி எதுவும் கிடைக்காது, கவனத்தைத் தானே இழுத்துப் பிடித்து வைக்க வேண்டும். இவர்களுக்குச் சிரமம் அங்கேதான். என் அறையில் கைகட்டி உட்கார்ந்திருப்பதை வைத்தும் ஒன்றும் சொல்லிவிட முடியாது. புது இடம், எதிரில் ஒரே ஆள் என்றால் பல பிள்ளைகள் அடங்கித்தான் இருப்பார்கள்.

சத்தம் போடாத பிள்ளைகள்தான் கண்ணில் படாமல் போகிறார்கள், அதிலும் பெண் குழந்தைகள். வகுப்பில் யாருக்கும் தொந்தரவு கிடையாது. ஜன்னலோரம் உட்கார்ந்து வேறெங்கோ போய்விடுவாள். டீச்சரும் ‘அமைதியான பொண்ணு, கொஞ்சம் மந்தம்’ என்று விட்டுவிடுவார். எட்டாவது, ஒன்பதாவதில் பாடச்சுமை ஏறும்போதுதான் மார்க் சரிகிறது. அதற்குள் ‘நான் முட்டாள்’ என்று அவளே முடிவு கட்டியிருப்பாள். முன்பு 7 வயதுக்கு முன் அறிகுறி தெரிந்திருக்க வேண்டும் என்றிருந்த விதியை 2013இல் 12 ஆக்கியது இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு உதவியாகத்தான் இருக்கிறது.

துறுதுறுப்பையெல்லாம் ஏடிஹெச்டி என்று சொல்லிவிடவும் கூடாது. நான் முதலில் பார்ப்பது பிறந்த தேதியை. ஒரே வகுப்பில் பத்து, பதினொரு மாத இடைவெளியில் பிள்ளைகள் இருப்பார்கள். வகுப்பிலேயே வயதில் சிறிய பிள்ளைக்கு ஏடிஹெச்டி என்று பெயர் வைப்பது அதிகம் நடக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அப்புறம் காது சரியாகக் கேட்கிறதா, மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை வீங்கி ராத்திரி குறட்டை விட்டுத் தூக்கம் கெடுகிறதா, இரும்புச்சத்து குறைவா, எழுதப் படிக்கச் சிரமப்படுத்தும் டிஸ்லெக்ஸியாவா என்று பார்ப்போம். சில நொடி வெறித்துப் பார்த்துவிட்டு எதுவும் நடக்காததுபோல் தொடரும் குழந்தைக்கு ஒருவகை வலிப்பு இருக்கலாம், அதைக் கண்டிப்பாகச் சோதிக்க வேண்டும்.

குழந்தையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே “நானும் சின்ன வயசுல இப்படித்தான்” என்று அப்பாவோ அம்மாவோ ஆரம்பிப்பது எனக்குப் பழகிப்போன விஷயம். இரட்டையர் ஆய்வுகளின்படி ஏடிஹெச்டியில் மரபின் பங்கு 70 சதவீதத்துக்கும் மேல். பெரியவர்களிடம் ஓட்டமும் தாவலும் குறைந்துவிடும். அதற்குப் பதில் உள்ளுக்குள் ஓயாத பரபரப்பு இருக்கும். பணம் இருந்தும் கரண்ட் பில் கட்டாமல் ஃபைன் விழும். எதிராளி பேசி முடிக்கும் முன் பதில் வந்துவிடும். ஆரம்பித்த வேலை எல்லாம் பாதியில் கிடக்கும், கெடுவுக்கு முந்தைய ராத்திரிதான் கை ஓடும். கல்யாணமாகி, குழந்தையும் பிறந்து, வீட்டின் மொத்த நிர்வாகமும் தலையில் விழும்போது தடுமாறும் பெண்களுக்குக் கிடைப்பது ‘பொறுப்பில்லாதவள்’ என்ற பட்டம்.

17 வயது ஆனவர்களுக்கு ஐந்து அறிகுறிகள் போதும். ஆனால் சிறுவயதுத் தடயம் வேண்டும். ரீல்ஸ் பார்த்துவிட்டு ‘எனக்கும் இருக்கு டாக்டர்’ என்று வருபவர்களை நான் கேலி செய்வதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 18 கேள்விகள் கொண்ட படிவத்தைக் கொடுப்பேன். அது வெறும் முதல் சல்லடைதான். அடுத்த முறை உங்களைச் சிறுவயதில் பார்த்த அம்மாவையோ அக்காவையோ கூட்டி வாருங்கள் என்பேன். எல்லாம் முப்பது வயதில்தான் தொடங்கியது என்றால், மனச்சோர்வு, பதற்றம், தைராய்டு, தூக்கமின்மை பக்கம் தேட வேண்டும்.

சிகிச்சை வயதைப் பொறுத்தது. ஆறு வயதுக்குள் என்றால் பெற்றோருக்கான பயிற்சிதான் முதலில். ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலையைச் சொல்வது, செய்த உடனே பாராட்டுவது என்று அதில் பழக வேண்டியது நிறைய உண்டு. ஆறு வயதுக்கு மேல், தேவைப்பட்டால் மெத்தில்ஃபெனிடேட், அட்டோமாக்செட்டின் போன்ற மாத்திரைகள். ‘பழகிப்போயிடுமா’ என்று பயப்படுகிறார்கள். டாக்டர் சொன்ன அளவில், கண்காணிப்போடு எடுத்தால் அந்தப் பயம் வேண்டாம். பசி குறையலாம், தூக்கம் தள்ளிப்போகலாம். அதனால் எடை, உயரம், ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே வருவோம்.

தனியார் மருத்துவரிடம்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. மாவட்டங்களில் அரசு நடத்தும் தொடக்கநிலை இடையீட்டுச் சேவை மையங்களில் 18 வயது வரை இதை இலவசமாகப் பார்க்கிறார்கள். பெரியவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். முதலில் போனில் பேசிப் பார்க்கலாம் என்றால் அரசின் இலவச மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.