எல்டொராடோ ப்ரூஹாம் ஏன் தரையில் உட்கார்ந்தது?

1957 கேடிலாக் எல்டொராடோ ப்ரூஹாம் காரை இரவில் நிறுத்திவிட்டுக் காலையில் பார்த்தால் ஒரு மூலை தாழ்ந்திருக்குமாமே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். உண்மைதான். அதில் எஃகு ஸ்பிரிங்கே கிடையாது. நான்கு சக்கரங்களுக்கும் காற்றுதான் ஸ்பிரிங்.

எல்டொராடோ வரிசை 1953இல் 532 கார்களோடு தொடங்கியது. ப்ரூஹாம் அதன் உச்சம்: துருப்பிடிக்காத எஃகுக் கூரை, விலை 13,074 டாலர், 1957இலும் 1958இலும் சேர்த்து 704 கார்கள்.

எஃகு ஸ்பிரிங்கின் விறைப்பு மாறாது. 500 கிலோவைத் தாங்க அது 20 செ.மீ. அமுங்குகிறது என்று வையுங்கள். கார் நொடிக்குச் சுமார் 1.1 முறை ஆடும். உடம்புக்கு இதமான ஆட்டம். ஆளும் பெட்டியுமாக 125 கிலோ கூடினால் இன்னும் 5 செ.மீ. இறங்கும். இறங்கக் கூடாதென்று ஸ்பிரிங்கை விறைப்பாக்கினால் ஒவ்வொரு பள்ளமும் முதுகில் தெரியும்.

காற்றிடம் இந்த இழுபறி இல்லை. ஒவ்வொரு சக்கரத்துக்கும் கவிழ்த்த கிண்ணம் போல ஒரு கலம், ரப்பர் டயாஃப்ரம் (வளைந்துகொடுக்கும் சவ்வு), அதை மேலே தள்ளும் பிஸ்டன். சுமையேறிக் கார் தாழ்ந்தால் வால்வு திறந்து, கம்ப்ரசர் அழுத்திய காற்று கலத்துக்குள் போகும்; பழைய உயரம் வந்ததும் மூடிக்கொள்ளும். இப்போது கலத்தின் கொள்ளளவு அதேதான், அழுத்தம் மட்டும் கூடியிருக்கிறது. காற்றின் விறைப்போ அழுத்தத்தோடு சேர்ந்தே ஏறும். சுமை கால் பங்கு கூடினால் விறைப்பும் ஏறத்தாழ கால் பங்கு கூடும். ஆட்டத்தின் வேகம் மாறாது. சமன்பாட்டை எழுதிப் பாருங்கள், எடை அடிபட்டுப்போகும். பிஸ்டனின் பரப்பும் கலத்தின் கொள்ளளவுமே மிஞ்சும். (ஏறத்தாழ என்றது ஏனென்றால், விறைப்பைத் தருவது மொத்த அழுத்தம், சுமையைத் தாங்குவது வளிமண்டலத்துக்கு மேற்பட்ட பங்கு மட்டும்.) எனக்கு இதைவிட அழகான கார் பாகம் தெரியாது.

காலை வாரியது கசிவும் ஈரமும். காற்றை அழுத்தினால் அதிலுள்ள ஈரம் நீராகப் படியும்; கடுங்குளிரில் வால்வுக்குள் உறைந்தால் அந்தப் பக்கம் எழும்பாது. இணைப்பில் ஊசிமுனைக் கசிவு இருந்தால் போதும், விடிவதற்குள் கார் உட்கார்ந்துவிடும். சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். அதற்குமுன் காரின் சட்டகத்துக்கு அடியில் ஸ்டாண்டு கொடுப்பது கட்டாயம். காற்று போனால் கார் ஆள்மேல் இறங்கும்.

ஜெனரல் மோட்டார்ஸ் பஸ்களில் காற்று ஸ்பிரிங் 1953லேயே வந்துவிட்டது. பஸ்ஸுக்குப் பணிமனை உண்டு, பார்த்துக்கொள்ள மெக்கானிக் உண்டு. ப்ரூஹாம் வாங்கியவர்களில் பலர் பொறுமையிழந்து, எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் எஃகுக் காயில் (சுருள்) ஸ்பிரிங் மாட்டிக்கொண்டார்கள்.