கோதுமைக் கொள்முதல்: எந்தக் குறைக்கு எவ்வளவு கழிப்பார்கள்?

பஞ்சாப், ஹரியானா, மத்தியப் பிரதேச மண்டிகளில் இந்திய உணவுக் கழகமும் மாநில முகமைகளும் கோதுமை எடுப்பது ஒரே தர விதிப்படிதான். மண்டியில் அதை எஃப்.ஏ.க்யூ. என்பார்கள், சராசரி நல்ல தரம் என்று பொருள். அதற்குள் அடங்கினால் முழு ஆதார விலை. 2026-27 பருவத்துக்குக் குவிண்டாலுக்கு 2,585 ரூபாய்.

எடைக்கணக்கில் உச்ச அளவுகள் இவை: மண், கல், வைக்கோல் துணுக்கு போன்றவை 0.75 சதவீதம், பிற தானியம் 2, சேதமான மணி 2, லேசாகச் சேதமானது 4, சூம்பியதும் உடைந்ததும் சேர்ந்து 6. சேதத்தில் இரண்டு வகை இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. முளைவிட்டது, உள்ளே கெட்டது, கர்னால் கரிப்பூட்டை என்ற பூஞ்சை நோய் தாக்கியது முதல் வகை. மழையில் தோல் மட்டும் நிறம் மாறியது இரண்டாவது. அதற்கு அனுமதிக்கும் அளவு இரண்டு மடங்கு.

காசு அதிகம் போவது ஈரப்பதத்தில். 12 சதவீதம் வரை கழிவில்லை. 12க்கு மேல் 14 வரை, கூடுதலான ஈரத்துக்கு முழு மதிப்பும் கழியும். 13.2 என்று வந்தால் 1.2 சதவீதம், அதாவது குவிண்டாலுக்கு 31 ரூபாய் 2 காசு. 14ஐத் தாண்டினால் எடுக்கவே மாட்டார்கள்.

ஈரமானி காட்டுவதை அப்படியே நம்பவும் முடியாது. அது மணியின் மின்தன்மையை வைத்து ஈரத்தைக் கணிக்கும் கருவி. இரவுப் பனி படிந்த குவியலை விடிகாலையில் அளந்தால் கூட்டிக் காட்டும். வெயிலில் அவசரமாகக் காய்ந்த கோதுமையில் தோல் உலர்ந்து உள்ளே ஈரம் நிற்கும்; அப்போது குறைத்துக் காட்டக்கூடும். ஐயம் வந்தால் அரைத்த மாதிரியைச் சுமார் 130 டிகிரி அடுப்பில் 2 மணி நேரம் வைத்து, எடை இழப்பைப் பார்ப்பதே தீர்ப்பு. மாதிரியையும் குவியலின் மேலே மட்டும் அள்ளக் கூடாது. தூசியும் சிறுமணியும் நடுவில் தேங்கும், பருமணி ஓரத்துக்கு உருளும். பல இடங்களில், பல ஆழங்களில் எடுத்துக் கலந்து, நான்காகப் பிரித்துக் குறைக்க வேண்டும்.

வானிலை கெடுத்த ஆண்டுகளில் மத்திய அரசு தளர்வு தரும். 2022 மார்ச் வெப்பத்தில் மணி சூம்பியபோது பஞ்சாப், ஹரியானாவில் சூம்பிய மணி 18 சதவீதம் வரை இருந்தாலும் கழிவின்றி எடுத்தார்கள். 2023இல் அறுவடை நேரத்து மழைக்குப் பிறகும் 18 வரை அனுமதித்தார்கள், ஆனால் 6க்கு மேல் படிப்படியாக விலை குறைந்தது. தளர்வு அந்தப் பருவத்துக்கும் அறிவித்த மாநிலங்களுக்கும் மட்டுமே. போன வருட அளவை நம்பி மண்டிக்கு வண்டி ஏற்றாதீர்கள்.

இத்தனை அளவிலும் புரதமும் பசைத்தன்மையும் கிடையாது. என் பார்வையில் இது பெரிய ஓட்டை: சப்பாத்திக்கு உகந்த கோதுமைக்கும் சுமாரானதற்கும் ஒரே விலை. முளைப்பையும் கண்ணால்தான் பார்க்கிறார்கள். முளை வெளியே தெரியுமுன்பே மணிக்குள் மாவுச்சத்தைச் சிதைக்கும் நொதி கூடிவிடும். வீழ்நேரச் சோதனை இதைப் பிடித்துவிடும்: 7 கிராம் மாவை 25 மில்லி நீரில் கலந்து, கொதிநீரில் சூடாக்கி 60 விநாடி கலக்கி, கலக்குகோல் கூழுக்குள் இறங்கும் நேரத்தையும் சேர்த்து எண்ணுவார்கள். நல்ல மாவில் கூழ் கெட்டியாகி கோல் மெதுவாக இறங்கும். ஆஸ்திரேலியாவில் உயர்தரக் கோதுமைக்குக் கீழெல்லை 300 விநாடி. நொதி மிகுந்த மாவில் கூழ் நீர்த்துப்போய், கோல் சட்டென்று அடிக்குப் போய்விடும். அந்த மாவில் சுட்ட ரொட்டி உள்ளே பிசுபிசுக்கும்.