பாய்க்கு மட்டும் தெரிந்த ரகசியம்

போன மாதம் ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒருத்திக்கு டி.பி.டி. பூஸ்டர் தடுப்பூசி போட்டேன். பஞ்சை அழுத்திக்கொண்டிருக்கும்போது அவளுடைய அம்மா கேட்டார்: "டாக்டர், வீடியோ ஆன் ஆகவே இல்ல. இன்னொரு தடவை போடற மாதிரி சும்மா காட்டறீங்களா? அவ மறுபடி அழுவா."

இதை ஒரு நையாண்டி நாவலில் எழுதினால், எழுதியவர் மிகைப்படுத்துகிறார் என்பார்கள். என் ஓ.பி.யில் ஒரு மாலை உட்கார்ந்து பார்க்கட்டும்.

அது சிரித்துவிட்டு மறக்கக்கூடியதுதான். அடுத்து வந்த பையன் விஷயம் அப்படியில்லை. மூன்று வாரமாக வயிற்றுவலி. ஸ்கேன், சிறுநீர்ப் பரிசோதனை எல்லாம் சரி. பள்ளிக்கூட நாளில் மட்டும் வலிக்கிறது, ஞாயிற்றுக்கிழமை இல்லை. பெற்றோரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பேசினேன். அம்மா குழந்தை வளர்ப்பு டிப்ஸ் சேனல் நடத்துகிறார். 'படுக்கையில் சிறுநீர் போகும் பிள்ளையை எப்படிக் கையாள்வது' என்று ஒரு வீடியோ. அதில் இவன் முகம், இவன் நனைத்த பாய். ஸ்கூல் வேனில் பையன்கள் பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். (ஊர், வயது போன்றவற்றை மாற்றியிருக்கிறேன். எழுதட்டுமா என்று அவனிடமும் கேட்டேன். என்னிடம் அப்படிக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான் என்றான்.)

படுக்கையில் சிறுநீர் போகும் பிரச்சினை பரம்பரையாக வருவது அதிகம் என்பதால் அப்பாவிடம் கேட்டேன். எட்டு வயது வரை அவருக்கும் இருந்ததாம். அது அவருடைய அம்மாவுக்கும் பாய்க்கும் மட்டும்தான் தெரியும்.

பிள்ளையை ஏன் வீடியோ எடுத்து இணையத்தில் போடுகிறீர்கள் என்று கேட்டால், பெற்றோர்கள் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "பிள்ளைக்கே ஆசை டாக்டர், நாங்க கட்டாயப்படுத்தல." எனக்கு ரத்த அழுத்தம் ஏறுவது இங்கேதான். ஐந்து வயதுக் குழந்தை ஆசைப்படுவது பார்வையாளர்களுக்காக இல்லை. போனுக்குப் பின்னால் மலர்கிறதே, உங்கள் முகம், அதற்குத்தான். பத்துப் பேர் பார்ப்பதற்கும் பத்தாயிரம் பேர் பார்ப்பதற்கும் வித்தியாசம் அவளுக்குத் தெரியாது. பத்தாம் வகுப்பில் யாராவது இந்த வீடியோவைத் தோண்டி எடுப்பார்கள் என்று அவளால் யோசிக்கவும் முடியாது. அவள் பைக் சாவிக்கும்தான் ஆசைப்படுகிறாள், கொடுத்துவிடுவீர்களா? சந்தேகமாக இருந்தால் ஒரு வாரம் போனை உள்ளே வைத்துவிட்டு அவளை ஆடச் சொல்லுங்கள். ஆட்டம் முடிந்ததும் "அம்மா, எடுத்தியா?" என்று கேட்டால், அந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

"அப்புறம் டெலீட் பண்ணிடலாம்" என்பது இன்னொன்று. நீங்கள் அழிப்பது உங்கள் பிரதியைத்தான். அடுத்தவர் இறக்கி வைத்திருப்பதை யார் அழிப்பது?

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்காதீர்கள். நம் நாட்டில் 2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 18 வயதுக்குட்பட்டவரின் தகவலைக் கையாள நிறுவனங்கள் பெற்றோரிடம்தான் சம்மதம் வாங்க வேண்டும். காவல்காரரே நீங்கள்தான்! பிரான்ஸ் 2020லேயே 16 வயதுக்குட்பட்ட வீடியோ நட்சத்திரங்களுக்கென்று தனிச் சட்டம் போட்டது. சம்பாத்தியத்தில் ஒரு பங்கு பிள்ளை பெயரில் முடங்கிவிடும். தன் வீடியோவை நீக்கச் சொல்லிப் பிள்ளையே கேட்கலாம், பெற்றோர் சம்மதம் தேவையில்லை. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் வருமானத்தில் பிள்ளைக்குப் பங்கு ஒதுக்கும் சட்டம் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. நாம் இன்னும் "க்யூட்டா இருக்குல்ல" என்கிற கட்டத்தில்தான் இருக்கிறோம்.

சரி, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். குளிக்கும் வீடியோ, உடையில்லாத படம் வேண்டவே வேண்டாம், கைக்குழந்தையாக இருந்தாலும். சீருடை, அடையாள அட்டை, வேன் எண், வீட்டு வாசல் தெரியக் கூடாது. தடுப்பூசி அட்டையைப் படம் எடுத்துப் போடுகிறீர்களே, அதில் பிள்ளையின் பெயரும் பிறந்த தேதியும் இருக்கிறதே, பார்க்க மாட்டீர்களா? அழுகை, அடம், நோய் எதையும் போடாதீர்கள். விவரம் தெரிந்த பிள்ளையாக இருந்தால் ஒவ்வொரு முறையும் கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். படத்தை யாராவது தவறாகப் பயன்படுத்தினால், கோபத்தில் உடனே அழித்துவிடாமல் ஸ்கிரீன்ஷாட்டும் இணைப்பு முகவரியும் எடுத்துவைத்துக்கொண்டு சைபர் கிரைம் போலீசில் புகார் கொடுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098க்கும் பேசலாம்.

அப்புறம் ஒரு கெஞ்சல். ஊசி போட வரும்போது பிள்ளையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துப் பிடியுங்கள். ஒரு கையில் போன் இருந்தால் பிள்ளை உதறும், ஊசி விலகும், இன்னொரு முறை நிஜமாகவே குத்த வேண்டி வரும்.