கழுவிக் கழுவியே மீனைக் கொல்லாதீர்கள்

செத்த மீனை பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துவந்து, "இன்னா நோவுன்னு பார்த்து மருந்து எழுதிக் குடுங்க டாக்டர்" என்பார்கள். தொட்டியை எப்போது கழுவினீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன். "நேத்துதான் ஃபில்டர் ஸ்பாஞ்சைக் கழட்டி, பைப்புல புடிச்சு, பளபளன்னு..." பாதிப் பேர் சொல்லும் பதில் இதுதான். காரணமும் அதிலேயே இருக்கிறது.

மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகக் கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுவது ஸ்பாஞ்சிலும் கூழாங்கல்லிலும் ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள். புதுத் தொட்டியில் அவை பெருக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். அழுக்கென்று நாம் தேய்த்துக் கழுவுவது அவற்றையும் சேர்த்துத்தான். தப்பியதைக் குழாய்த் தண்ணீரின் குளோரின் பார்த்துக்கொள்ளும். கடையில் தரும் நீலச் சொட்டு மருந்தும் அவற்றுக்கு ஆகாது.

இப்போதுதான் செத்த மீன் என்றால் செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள். ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டிய இடம் காப்பித்தூள் நிறத்தில் இருந்தால் நைட்ரைட் ரத்தத்தில் ஏறிவிட்டது என்று சந்தேகிக்கலாம். தண்ணீரில் ஆக்ஸிஜன் இருந்தும் அதைச் சுமக்க ரத்தத்துக்குத் திராணி இல்லை. மிச்ச மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றனவா? மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை அன்றே மாற்றி, லிட்டருக்கு 1 கிராம் கணக்கில் கல்லுப்பைக் கரைத்து ஊற்றுங்கள். உப்பிலுள்ள குளோரைடு, செவுள் வழியே நைட்ரைட் நுழைவதைத் தடுக்கும்.

சித்திரை, வைகாசியில் வேலூர் வெயிலைச் சொல்லவே வேண்டாம். 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜனைப் பிடித்துவைக்கும் தண்ணீர், 30 டிகிரியில் ஏழரையோடு நின்றுவிடும். அந்தச் சூட்டில், தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 7லிருந்து 8க்கு ஏறினால், மொத்த அம்மோனியாவில் நஞ்சான வடிவத்தின் பங்கு ஏறக்குறைய ஒன்பது மடங்காகும். ஐஸ் கட்டியைக் கொட்டாதீர்கள், திடீர்க் குளிர்ச்சியை மீன் தாங்காது. மூடியை எடுத்துவிட்டு வலை போட்டு, டேபிள் ஃபேன் காற்றைத் தண்ணீர் மேல் படவிடுங்கள். நம் ஊர் வறண்ட காற்றுக்கு அதுவே கேட்கும். தண்ணீர் சீக்கிரம் வற்றும்தான், ஆனால் உப்பு வற்றாது. போர் தண்ணீரை மேலே மேலே ஊற்றி நிரப்பினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். அதனால் வாரம் ஒருமுறை கால்வாசியை வெளியே எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். ஸ்பாஞ்சையும் அப்படி எடுத்த பழைய தண்ணீரிலேயே லேசாகப் பிழிந்து அலசினால் போதும்.

குழாயில் வரும் காவிரித் தண்ணீரோ போர் தண்ணீரோ, ஒரு நாள் பக்கெட்டில் வைத்து ஏர் பம்ப் ஓடவிட்ட பிறகே ஊற்றுங்கள். முன்னதில் குளோரின், பின்னதில் ஆக்ஸிஜன் பற்றாக்குறை. ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றுவதும் சரியில்லை, அதில் தாது உப்புகள் கிட்டத்தட்ட இல்லை. போர் தண்ணீரை விட்டால் வேறு வழியில்லாத வீடுகளில் நியான் டெட்ராவுக்கு ஆசைப்பட வேண்டாம். கப்பி, மோலி வாங்குங்கள், உப்புத் தண்ணீர் அவற்றுக்கு ஒத்துப்போகும்.