‘உள்ளடக்கிய’ பூங்காவுக்குள் என்ன அடங்கியிருக்கிறது?

கருத்தரங்க அழைப்பிதழ், திட்ட அறிக்கை, தொண்டு நிறுவனத் துண்டறிக்கை, எதைக் கையில் எடுத்தாலும் ‘பாதுகாப்பான, உள்ளடக்கிய பொதுவெளிகள்’ வந்து நிற்கிறது. பாதுகாப்பு கிடக்கட்டும், பிறகு வருகிறேன். அந்த ‘உள்ளடக்கிய’ எதை உள்ளடக்கியது?

மூலச்சொல் ‘இன்க்ளூசிவ்’. லத்தீனில் ‘இன்’ என்றால் உள்ளே, ‘கிளாடெரே’ என்றால் மூடுவது. இரண்டும் சேர்ந்தால் உள்ளே வைத்து அடைப்பது. ஆங்கிலத்தில் அந்த அடைப்பு தேய்ந்துபோய், ‘யாரையும் விலக்காத’ என்ற பொருள் ஏறிவிட்டது. 2007இல் தொடங்கிய பதினொன்றாம் ஐந்தாண்டுத் திட்டம் இன்க்ளூசிவ் வளர்ச்சி பேசியது. 2015இல் ஐ.நா. வகுத்த நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 11.7, பெண்கள், குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் என்று பெயர் சொல்லிப் பொது இடங்களுக்கும் அதைக் கேட்டது. நம்மவர்கள் பொருளை விட்டுவிட்டு வேரை மொழிபெயர்த்தார்கள்.

‘வரி உள்ளடக்கிய விலை’ சரியான தமிழ். என்ன அடங்கியிருக்கிறது என்று தெரிகிறது. ‘உள்ளடக்கிய பூங்கா’ அப்படியே அந்தரத்தில் தொங்குகிறது. ‘படித்த பெண்’ என்கிறோமே, எதைப் படித்தாள் என்றா கேட்கிறோம் என்று ஒரு நண்பர் மடக்கினார். படிப்பு தனியாகவே ஒரு தகுதி, உள்ளடக்குவது அப்படியல்ல. செயப்படுபொருள் இல்லாமல் அந்த வினை நடக்காது. போதாததற்கு அது இறந்தகாலம். சரிவுப்பாதைகூடப் போடாத பூங்கா எல்லோரையும் ஏற்கெனவே உள்ளடக்கி முடித்துவிட்டதாம்!

இலக்கணத்தையாவது மன்னிக்கலாம். ‘அடக்கு’ என்பதன் வாடையை என்ன செய்வது? அடக்குமுறை, வாயை அடக்கு, உடலை அடக்கம் செய்தார்கள். ‘பெண்களையும் உள்ளடக்கிய சாலை’ என்று படிக்கும்போது எனக்கு நல்ல நினைப்பு வருவதில்லை. அதைவிட முக்கியம், உள்ளடக்க ஒரு ஆள் வேண்டும். ஏற்கெனவே உள்ளே இருப்பவர் பெரிய மனது பண்ணி மற்றவரைச் சேர்த்துக்கொள்கிறார் என்றாகிறது. பொது இடத்தில் அந்த வீட்டுக்காரர் யார்?

‘அரவணைக்கும்’ என்று இன்னொரு கட்சி. பேருந்து நிலையம் பெண்களை அரவணைக்க வேண்டாம். சும்மா நிற்க விட்டால் போதும்.

புறநானூற்றில் நக்கீரர் ‘தெண்கடல் வளாகம் பொதுமை இன்றி’ என்கிறார். பிறருக்குப் பங்கில்லாமல் உலகைத் தனியே ஆளும் அரசனைச் சொல்கிறார். பொதுமை போனால் இடம் ஒருவனுடையது. இருந்தால் எல்லோருக்கும் பங்கு. அப்படியானால் ‘பொது இடம்’ என்றாலே போதாதா?

போதாது. தில்லை அம்பலத்துக்கே ‘பொது’ என்று பெயர். சாதியால் ஒதுக்கப்பட்ட நந்தனார் பெரியபுராணத்தில் தீயில் இறங்கித்தான் அங்கே போகிறார். 1924இல் ஒடுக்கப்பட்டோரின் தலைவர் இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்ததும் பொதுத்தெருவுக்கும் பொதுக்கிணற்றுக்கும்தான். எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அது கெஞ்சவில்லை. எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் தெருவில் நடக்கலாம், கிணற்றில் தண்ணீர் எடுக்கலாம் என்றது. நமக்கு வேண்டிய அடைமொழி அந்த வழியில்தான் இருக்கிறது: ‘எல்லோருக்குமான’. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். சுருக்கமான கலைச்சொல்தான் வேண்டும் என்றால் ‘விலக்கா’: விலக்கா நகரம், விலக்கா வடிவமைப்பு. ‘விலக்காத’ என்பதன் கடைசி எழுத்து உதிர்ந்த ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், முக்காலத்துக்கும் பொருந்தும். ‘உள்ளடக்கத்தன்மை’ என்ற பூதத்துக்குப் பதில் ‘விலக்காமை’.

மெரினாவையே பாருங்கள். கடற்கரை என்றைக்கும் பொது. சக்கர நாற்காலி மட்டும் மணலில் புதையும். 2022 நவம்பரில் மரப்பாதை திறந்தார்கள். மறு மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது வேறு கதை. அந்தப் பாதை யாரையும் எதற்குள்ளும் அடக்கவில்லை. தடுத்த மணலைத் தாண்ட வழி செய்தது.

இப்போது ‘பாதுகாப்பான’. தமிழில் பாதுகாப்பு என்றதும் காவல் வந்துவிடுகிறது. கேமரா, கம்பிவேலி, விசில் ஊதும் காவலாளி, எட்டு மணிக்குப் பூட்டு. பாதுகாப்பான பூங்கா என்று எழுதிவிட்டுப் பூங்காவையே பூட்டிவிடுகிறார்கள்; பூட்டிய பூங்காவை ஒட்டிய நடைபாதை ஆளரவமற்றுப்போய், நடப்பவளுக்கு முன்னைவிடப் பயம். வீட்டில் ‘பத்திரமாப் போயிட்டு வா’ என்கிறோமே, அந்தப் ‘பத்திரம்’ பொருளுக்கு நெருக்கம். வடசொல் என்று தனித்தமிழ் அன்பர்கள் முகம் சுளிப்பார்கள். சங்கச் சொல் ‘ஏமம்’ இருக்கிறதுதான், ஆனால் ‘ஏமமான பூங்கா’ என்று பலகை வைத்தால் ஏமாந்த பூங்கா என்றுதான் படிப்பார்கள். ‘அச்சமின்றி நடமாடக்கூடிய’ என்று நீட்டியே எழுதலாம். பலகையில் இடமில்லை என்பவர்கள் திறந்துவைத்தவர்களின் பெயர்ப்பட்டியலைக் கொஞ்சம் குறைக்கட்டும்.