காபரே: சொல் விளக்கம்

‘காபரே பாடகி’ என்ற தொடரைத் தமிழில் படிக்கும்போது நம் மனத்தில் முதலில் எழுவது பாட்டு அன்று, ஆட்டம். திரைப்படங்களின் விடுதிக் காட்சிகளில் இடம்பெற்ற கவர்ச்சி நடனத்துக்கே இச்சொல் பெயராகிவிட்டதால், ஒருவரைக் காபரே பாடகி என்று எழுதிய உடனேயே அவருடைய கலை வாசகர் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது.

பிரெஞ்சு மொழியில் காபரே என்பது மதுவும் உணவும் விற்கும் எளிய விடுதியைக் குறித்தது. வட பிரான்சின் பிக்கார்டு மொழியில் ‘சிறிய அறை’ என்று பொருள்பட்ட ஒரு சொல், டச்சு வழியாகத் திரிந்து இவ்வடிவம் பெற்றது என்பதே பெரும்பாலான சொற்பிறப்பியலாளர் கருத்து. அதற்கும் மூலம், அறையைக் குறிக்கும் ‘கேமெரா’ என்ற லத்தீன் சொல். நாம் படமெடுக்கும் கேமராவும், ‘இருட்டறை’ எனப் பொருள்படும் லத்தீன் தொடரின் எச்சமே. ஆக, இச்சொல்லின் வேரில் நடனம் இல்லை, மது கூட இல்லை, சிற்றறைதான் இருக்கிறது.

1881இல் பாரிஸின் மோன்மார்த்தர் பகுதியில் ‘கறுப்புப் பூனை’ என்ற பெயருடன் திறக்கப்பட்ட விடுதியில் கவிஞர்களும் பாடகர்களும் கூடியபோது, கேட்போருக்கு மிக அருகில் நின்று பாடும் கலைக்கும் காபரே என்பதே பெயராயிற்று. 1889இல் தொடங்கிய மூலான் ரூஜ் போன்ற பெரிய ஆட்டக்கூடங்கள் வேறொரு கிளை. நம் திரைப்படங்களை எட்டியது அந்தக் கிளையே.

முதற்கிளையின் தன்மையை அறிய அமெரிக்கப் பாடகி பார்ப்ரா ஸ்ட்ரைசாண்டின் முதல் இசைத்தொகுப்பு நல்ல சான்று. நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜில் போன் சுவார் என்ற நிலவறை விடுதியில் 1960 முதல் பாடிவந்த அவரை அங்கேயே நேரடியாகப் பதிவுசெய்ய 1962 நவம்பரில் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் முயன்றது. பின்னர் அப்பதிவை ஒதுக்கிவிட்டு, கலையகத்தில் பாடவைத்து 1963 பிப்ரவரியில் தொகுப்பை வெளியிட்டது. ஒதுக்கப்பட்ட பதிவு 2022இல்தான் தொகுப்பாக வந்தது. 1963இன் முதல் தொகுப்பிலுள்ளவற்றில் பல, பிறர் முன்பே பாடிப் புகழ்பெற்ற பாடல்கள். ஆங்கிலத்தில் ‘ஸ்டாண்டர்ட்’ எனப்படும் இவற்றைத் ‘தரப்பாடல்’ என்பது பொருந்தாது. பலர் பாடியும் தேயாமல் நிற்பதால் ‘நிலைத்த பாடல்’ என்பதே சரி. 1932இல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கான ரூஸ்வெல்ட்டின் பரப்புரையில் துள்ளலாக ஒலித்த ‘ஹேப்பி டேஸ் ஆர் ஹியர் அகெய்ன்’ (‘மகிழ்ச்சி நாட்கள் மீண்டும் வந்தன’) பாடலை ஸ்ட்ரைசாண்ட் மெல்ல, ஏக்கம் ததும்பப் பாடினார். சொற்களும் மெட்டும் அவையேதான். பொருள் மட்டும் தலைகீழாகிவிட்டது. தெரிந்த பாட்டில் தெரியாத பொருளைக் காட்டும் இந்தத் திறனே காபரே பாடகரின் உயிர்நாடி. பாடுபவரின் முகத்தில் மாறும் ஒவ்வோர் உணர்ச்சியும் தெரியும் தொலைவில் கேட்போர் அமர்ந்திருக்கும் சிறிய அறையில்தான் அது வளர முடியும்.

ஆகவே ‘இரவு விடுதிப் பாடகி’, ‘கேளிக்கை விடுதிப் பாடகி’ ஆகிய மொழிபெயர்ப்புகளை நான் ஏற்கவில்லை. அவை நேரத்தையும் வணிகத்தையும் சுட்டுகின்றனவே தவிரப் பாடும் முறையைச் சுட்டவில்லை. ‘சிற்றரங்கு’ என்ற சொல், வேர்ப்பொருளாகிய சிற்றறையையும் நம் ‘அரங்கு’ என்ற பழஞ்சொல்லையும் ஒருங்கே தாங்குகிறது. காபரே பாடகியைச் ‘சிற்றரங்கப் பாடகி’ எனலாம். அவருடைய முதல் தொகுப்பை மட்டும் ‘அரங்கேற்றம்’ என்று எழுத வேண்டாம். ஸ்ட்ரைசாண்டுக்கு அது இசைத்தட்டு வெளிவருவதற்கு முன்பே, அந்த நிலவறையில் நடந்து முடிந்திருந்தது.