அந்த இடத்துக்கு யார் ஓட்டுப் போடுகிறார்கள்?

தேர்தல் சட்ட ஆலோசனைக்காக என்னிடம் வரும் சிறுபான்மை இனச் சங்கங்கள் பெரும்பாலும் ஒரே கணக்கோடுதான் வருகின்றன. மக்கள்தொகையில் நாங்கள் இத்தனை சதவீதம், நாடாளுமன்றத்தில் எங்களவர்கள் இத்தனை பேர்தான். நியாயமான குறைதான். ஆனால் அதை வைத்து "எங்களுக்கு இத்தனை இடம் ஒதுக்க வேண்டும்" என்று மனு எழுதச் சொன்னால், நான் முதலில் வேறொன்றைக் கேட்பேன்: அந்த இடத்துக்கு ஓட்டுப் போடப்போவது யார்?

தமிழ் வாசகர்களுக்கு இது பழைய சண்டை. 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு அறிவித்த வகுப்புவாரித் தீர்ப்பு, ஒடுக்கப்பட்ட மக்கள் தங்கள் பிரதிநிதியைத் தாங்களே தேர்ந்தெடுக்க மாகாண சபைகளில் 71 இடங்கள் கொடுத்தது. அடுத்த மாதமே வந்த பூனா ஒப்பந்தம் அதை 148 ஆக்கியது. ஆனால் இறுதி ஓட்டு எல்லா வாக்காளர்களிடமும் போனது. வேட்பாளர்களாக நால்வரைத் தெரிவு செய்யும் முதல் சுற்று மட்டும் அவர்களிடம் நின்றது. இடம் இரட்டிப்பானது, பிடி கைமாறியது. சாதியும் இனச் சிறுபான்மையும் ஒன்றல்ல, சரி. சிக்கல் ஒன்றேதான்.

நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களுக்கு 1867 முதல் தனி இடங்கள் உண்டு. தொடங்கும்போது நான்கு. நூற்றாண்டுக்கும் மேலாக, மக்கள்தொகை எப்படி மாறினாலும், நான்கே. 1993 சட்டம்தான் பூட்டைத் திறந்தது. மாவோரி ஒருவர் பொது வாக்காளர் பட்டியலில் பதியலாம், அல்லது மாவோரி வாக்காளர் பட்டியலில் பதியலாம். பின்னதில் எத்தனை பேர் சேர்கிறார்களோ, அதைப் பொறுத்து இடங்கள் கூடும், குறையும். 2002 தேர்தலில் இருந்து ஏழு. யார் ஓட்டு என்பதில் அங்கே குழப்பமில்லை.

சிங்கப்பூர் வேறு வழியில் போனது. 1988இல் வந்த, ஒரே தொகுதியில் பலர் அணியாகப் போட்டியிடும் குழுத்தொகுதி முறையில் ஒவ்வொரு அணியிலும் குறைந்தது ஒருவர் சிறுபான்மை இனத்தவராக இருக்க வேண்டும். அவர் சபைக்கு வருவது உறுதி, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வாக்காளர் ஓட்டுப் போடுவது மொத்த அணிக்கு. அணியில் யாரைச் சேர்ப்பது என்று முடிவெடுப்பது கட்சி. அந்த உறுப்பினர் அடுத்த முறையும் வர யாருடைய தயவு வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

விதி எவ்வளவு சிக்கலாகலாம் என்பதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் போஸ்னியா. போர் முடிந்து 1995இல் டேட்டன் உடன்படிக்கையோடு வந்த அரசியலமைப்பு, அதிபர் பதவியை மூவருக்குப் பிரித்தது: ஒரு போஸ்னியாக் (போஸ்னிய முஸ்லிம் இனத்தவர்), ஒரு குரோஷியர், ஒரு செர்பியர். அப்படியானால் ரோமா இனத்தவர்? யூதர்? அவர்கள் போட்டியிடவே முடியாது. செஜ்திச், ஃபின்சி என்ற இருவர் வழக்குப் போட்டு 2009இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். அதற்கப்புறமும் 2010, 2014, 2018, 2022 தேர்தல்கள் பழைய விதிப்படியே நடந்தன. இன்னொரு கூத்தும் உண்டு. குரோஷியருக்கான இடத்தில் நான்கு முறை வென்ற கோம்ஷிச் குரோஷியர்தான். ஆனால் அவரை ஜெயிக்க வைத்தது போஸ்னியாக் ஓட்டு என்று முக்கிய குரோஷியக் கட்சி குமுறுகிறது. போஸ்னியாக்குகளும் குரோஷியர்களும் வாழும் பகுதியில் ஒரே வாக்காளர் அந்த இரண்டு இடங்களில் எதற்கு வேண்டுமானாலும் ஓட்டுப் போடலாம். அதனால் வந்த வினை.

தனி இடமே இல்லாமல் தொகுதிவாரியாகத் தேர்தல் நடக்கும் நாடுகளில், எல்லாமே தொகுதிக் கோட்டில்தான் இருக்கிறது. பயிற்சி வகுப்பில் இதைப் பலகையில் போட்டுக் காட்டுவேன். 500 வாக்காளர்கள், ஐந்து தொகுதிகள், சிறுபான்மையினர் 100 பேர். தொகுதிக்கு 20 பேராகச் சிதறினால், மற்றவர்கள் சேர்ந்து எதிர்த்து ஓட்டுப் போட்டால், ஒரு இடமும் கிடையாது. 60 பேர் ஒரே தொகுதியில் இருந்தால் ஒன்று உறுதி, மீதி 40 பேர் வேறொரு தொகுதியில் முடிவைத் திருப்பவும் முடியும். நூறு பேரையும் ஒன்றுக்குள் அடைத்தால் அதே ஒரு இடம்தான், வேறெங்கும் குரல் இருக்காது. ஆட்கள் மாறவில்லை, கோடுதான் மாறியது.

கட்சிக்கு ஓட்டுப் போட்டு, கட்சி கொடுத்த பட்டியலில் மேலிருந்து ஆட்களை எடுக்கும் கட்சிப் பட்டியல் முறையில் சிக்கல் வேறு. ஒரு சங்கச் செயலாளர் பட்டியலைக் கொண்டுவந்து, "பாருங்க சார், நம்ம ஆள் பேர் இருக்கு" என்று காட்டினார். இருந்தது, கடைசிப் பக்கத்தில். அந்தக் கட்சி அத்தனை இடங்களை ஒருநாளும் ஜெயித்ததில்லை.

குறைந்தபட்ச வாக்கு வரம்பையும் பாருங்கள், அதை எட்டாத கட்சிக்குப் பொதுவாகப் பட்டியல் இடம் கிடைக்காது. ஜெர்மனியில் அது 5 சதவீதம். டேனிஷ், ஃப்ரீசிய மக்களின் கட்சிக்கு அதிலிருந்து விலக்கு உண்டு, 2021இல் ஒரு உறுப்பினர் உள்ளே போனார். காரணம், அவர்கள் தேசியச் சிறுபான்மையினர் என்று அங்கீகரிக்கப்பட்டவர்கள். எண்ணிக்கையில் பல மடங்கு பெரிய துருக்கி வம்சாவளியினருக்கு அந்த அங்கீகாரம் கிடையாது. பன்மைக் கலாசாரம் என்று மேடையில் பேசும்போது பூர்வகுடி, பழைய தேசியச் சிறுபான்மை, குடியேறியவர்கள் எல்லாம் ஒரே வரிசையில் நிற்பார்கள். சட்டப் புத்தகத்தில் அப்படி இல்லை. உங்கள் மனு எந்த வகையில் வருகிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

எல்லை மறுவரையறை நடக்கும் நாடுகளில் பெரும்பாலும் வரைவு வெளியாகும், ஆட்சேபம் தெரிவிக்க அவகாசமும் தருவார்கள். கட்சிகள் வக்கீலோடு வரும், சங்கங்கள் வராது. போனால் "எங்கள் சமூகத்தைப் பிரிக்கிறீர்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தத் தெருவில் கோடு வெட்டுகிறது, அந்தத் தெருவின் இரு பக்கத்துக் குழந்தைகளும் எந்தப் பள்ளிக்குப் போகிறார்கள், கோட்டை எங்கே நகர்த்தினால் இரண்டு தொகுதிகளின் வாக்காளர் எண்ணிக்கையும் சரியாக நிற்கும் என்று வரைபடத்தில் போட்டுக் கொடுங்கள். மாற்று வரைபடத்தோடு வரும் ஆட்சேபத்தை அப்படியே தள்ளிவிடுவது அதிகாரிகளுக்கு அவ்வளவு சுலபமல்ல.